கம்மங்கருது கருத்தான கதை

புத்தகக் கட்டைப் பிரித்து முதல் பிரதியைக் கையில் எடுத்ததும் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். முகர்ந்து பார்த்தேன். பிறகு நடுவில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்தேன். 23ஆம் பக்கம். ‘கம்மங்கருது தலையசைக்க’ என்று நான் எழுதியிருந்த வரி ‘கம்பங்கருத்து தலையசைக்க’ என்று அச்சாகியிருந்தது. எங்கள் கரிசல் பக்கம் கதிரைக் கருது என்போம். கம்பின் கதிர் கம்மங்கருது. பிழை திருத்தியவருக்கு அந்தச் சொல் தெரியவில்லை. ‘த்’ விட்டுப்போனதாக நினைத்துச் சேர்த்துவிட்டார். கம்புக்கு என்ன கருத்து இருக்க முடியும் என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம். அந்தப் புத்தகத்துக்கு நான் கட்டியது 62,000 ரூபாய். அதில் 50,000 கூட்டுறவு வங்கியில் இரண்டு பவுன் சங்கிலியை வைத்து வாங்கியது. அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

ஊரில் பிறந்து, ஊரை எழுதி, முதல் தொகுப்பு போட நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கவிதை பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எழுதியதைப் புத்தகமாக்கும்போது எந்த இடத்தில் பணம் போகும், எந்த இடத்தில் சொல் போகும் என்று சொல்ல எனக்கு ஒருவரும் வாய்க்கவில்லை. வீட்டில் யாருக்கும் இந்த உலகம் தெரியாது. வெளியில் கேட்கக் கூச்சம். கேட்டிருந்தால் பாதி தப்பித்திருப்பேன்.

2022 ஆடியில் 68 கவிதைகளை ஒரு பதிப்பகத்திடம் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய முதல் வேலை, சொல் பட்டியல். உங்கள் கவிதைகளில் பொதுத்தமிழில் இல்லாத, அல்லது உங்கள் ஊரில் வேறு பொருளில் புழங்குகிற ஒவ்வொரு சொல்லையும் தனித்தாளில் எழுதுங்கள். பக்கத்தில் பொருள், எந்தக் கவிதையில் எந்த வரியில் வருகிறது என்பதும் இருக்க வேண்டும். தாளின் தலைப்பில் ‘இவற்றைத் திருத்த வேண்டாம்’ என்று கொட்டை எழுத்தில் போடுங்கள். பிறகு உட்கார்ந்து எடுத்தபோது என் தொகுப்பில் அப்படி 74 சொற்கள் இருந்தன. அவற்றில் 19 திருத்தப்பட்டிருந்தன. திருத்தங்கள் இரண்டு வகை. ஒன்று பொருளையே கொன்றுவிடும்: கருது கருத்தானது, தவசம் தவமானது. தானியம் கொட்டி வைத்த வீட்டில் தவம் கொட்டிக் கிடந்தது. இன்னொரு வகை, பொருள் மாறாமல் வாயை மாற்றும்: கம்மாய் கண்மாயாகும், மம்பட்டி மண்வெட்டியாகும், வெள்ளாமை வேளாண்மையாகும். இந்த இரண்டாவதுதான் ஆபத்து. படிக்கிறவர் யாரும் தவறு என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் வெள்ளாமை வீடு வந்து சேரும், வேளாண்மை வீடு வராது. அதற்குத் துறைதான் உண்டு. பேசுகிறவள் ஒரு களைவெட்டுக்காரி என்றால் அவள் வாயில் வேளாண்மையை வைத்த நிமிஷமே கவிதை செத்தது.

வட்டாரச் சொல்லுக்கு அடிக்குறிப்பு வேண்டுமா என்று எல்லாரும் கேட்பார்கள். நான் இப்போது வைத்திருக்கும் கணக்கு இது. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியில் இருக்கும் சொல்லுக்குக் குறிப்பே வேண்டாம். அதில் இல்லையென்றால், கவிதையின் மற்ற வரிகளிலிருந்து பொருள் தானாகத் தெரிகிறதா என்று வேறு மாவட்டத்துக்காரர் ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். தெரிந்தால் விட்டுவிடுங்கள். தெரியாததை மட்டும் புத்தகத்தின் கடைசியில் ஒன்றரைப் பக்கத்துக்குப் பட்டியலாகப் போடுங்கள். கவிதைக்குக் கீழேயே கோடு போட்டு விளக்கம் எழுதினால், கவிதையைவிட்டுக் கண் கீழே போய்விடும், திரும்பி வராது. எழுத்துக்கூட்டலில் சந்தேகம் வந்தால் கரிசல்காரர்களுக்குக் கி. ராஜநாராயணன் தொகுத்த வட்டார வழக்குச் சொல்லகராதியும், கொங்குக்காரர்களுக்குப் பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதியும் கை கொடுக்கும். ஒரே சொல்லை ஒரு கவிதையில் கம்மா, இன்னொன்றில் கம்மாய் என்று எழுதியிருந்தால் எது வேண்டும் என்று நீங்களே முடிவு செய்துவிடுங்கள். அந்தத் தடுமாற்றத்தைப் பார்த்துத்தான் திருத்துகிறவர் துணிகிறார்.

சொல்லைவிடப் பெரிய பள்ளம் ஒன்று இருந்தது, அதில் யாரும் தள்ளாமல் நானே விழுந்தேன். மாடு பூட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கமலையைப் பற்றி ஒரு கவிதை. மின்சார மோட்டார் வந்த பிறகு பிறந்தவள் நான். கமலை ஓடிப் பார்த்ததில்லை. கிணற்று மேட்டில் செல்லரித்த மரச்சட்டமும், தண்ணீர் மொள்ளும் துருப்பிடித்த சாலும் கிடந்ததைத்தான் பார்த்திருக்கிறேன். மீதியைக் கேட்டதும் கற்பனையுமாகச் சேர்த்து, ‘சரிவின் அடியில் திரும்பி மேடேறும் மாடுகள்’ என்று எழுதிவிட்டேன். புத்தகம் வந்த பிறகு ஊரில் பெரியப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அந்த வரி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். “மாடு திரும்புனா வடம் என்னத்துக்குத் தாயி ஆகும்? சாலு உள்ள எறங்க எறங்க மாடு பின்னாலயே நடந்துல்ல மேடேறும். அதுக்குப் பழக்குறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிரும்.” சாலினை மேலே இழுக்கும் தடித்த கயிறு வடம், சாலின் அடியில் தொங்கும் தோல்வாலை மடக்கிப் பிடித்திருக்கும் மெல்லிய கயிறு வால்கயிறு. மாடு சரிவில் இறங்கும்போது ஓட்டுகிறவர் வடத்தின்மேல் ஏறி உட்கார்ந்து தன் கனத்தையும் கொடுப்பார். சால் மேலே வந்ததும் தோல்வால் தாழ்ந்து தண்ணீர் தொட்டியில் கொட்டும். பிறகு மாடு ஓரடி ஓரடியாகப் பின்வாங்கும். பின்பக்கமாக நடந்து மேடேறும் ஒரு ஜோடி மாடு! இதைவிட நல்ல படிமம் எந்தக் கவிஞருக்குக் கிடைக்கும்? அதைத் தெரிந்துகொள்ளாமல் திரும்பும் மாட்டை எழுதிவைத்தேன்.

அதனால், வழக்கொழிந்துபோன எதைப் பற்றி எழுதினாலும் அதைக் கையால் செய்த ஒருவரிடம் கவிதையைப் படித்துக் காட்டாமல் அச்சுக்குக் கொடுக்காதீர்கள். “எப்படி இருக்கு?” என்று கேட்டால் “நல்லாருக்கு” என்றுதான் சொல்வார்கள். “இதுல தப்பு எது?” என்று கேளுங்கள். ஒருவர் சொன்னதை எடுத்துக்கொள்ளாமல் இரண்டு பேரிடம் கேளுங்கள், ஏனென்றால் நான்கு ஊர் தள்ளினால் அதே கருவிக்குப் பெயரும் முறையும் மாறும். போனில் பதிவு செய்யும்போது வட்டாரப் பெயரோடு, எந்த ஊர், எந்த வருஷம் வாக்கில் அது நின்றது என்பதையும் சொல்ல வையுங்கள். கூடவே ஒரு மனத்தாங்கல்: ஊரை எழுதுகிற நம்மில் பலர் போனதை மட்டுமே எழுதுகிறோம். குலுக்கை போச்சு, களத்துமேடு போச்சு, கம்பு போச்சு. என் 68இல் 51 அப்படித்தான் இருந்தன. கயத்தாறு பக்கம் காற்றாலை நிற்கிற மானாவாரி நிலமும், வீட்டடி மனைக்கு நட்ட வெள்ளைக் கல்லும், நூறு நாள் வேலைக்கு வரப்போரம் வரிசை கட்டி உட்கார்ந்திருக்கும் பெண்களும், செவ்வாய்க்கிழமை குழுக்கடன் வசூலுக்கு வரும் பைக்கும் இன்றைய ஊர்தானே. அறுபது வயதுக்காரரின் ஏக்கத்தை முப்பது வயதில் இரவல் வாங்கி எழுதினால் கமலை மாடு திரும்பத்தான் செய்யும்.

இனி ஒப்பந்தம். நான்கு பக்கம், ஆங்கிலத்தில். படித்தேன், புரிந்தது போலத் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டேன். ‘எல்லா மொழியிலும், எல்லா வடிவத்திலும், காலவரையின்றி’ உரிமை அவர்களுக்கு. பணம் கட்டியது நான், உரிமை அவர்களுக்கு! பணம் வாங்கிக்கொண்டு அச்சிட்டுத் தருகிறவர் அச்சக வேலை செய்கிறார் என்று பொருள். அவருக்குப் பதிப்புரிமையை எழுதிக் கொடுக்க எந்த முகாந்திரமும் இல்லை. அவர் தன் பணத்தைப் போட்டு வெளியிட்டால்தான் உரிமை பற்றிய பேச்சே. அப்போதும் அச்சுப் புத்தக உரிமை, தமிழில் மட்டும், இத்தனை ஆண்டுக்கு என்று எண்ணால் எழுத வேண்டும். மொழிபெயர்ப்பு, ஒலிநூல், பாடநூல், திரைப்பாடல் ஆகியவை உங்களிடமே இருக்க வேண்டும். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும், வாய்ப்பேச்சு செல்லாது. காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்று கொள்ளப்படும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். கொடுத்த உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிராவிட்டால். என் ஒப்பந்தத்தில் எல்லாமே ‘வேறு மாதிரி’ எழுதியிருந்தது, அதுதான் வினை. ஆனால் 57ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது: உரிமையை விற்ற பிறகும், இது என்னுடையது என்று சொல்லிக்கொள்ளவும், என் பெயருக்குக் கேடு வரும்படி சிதைத்தால் எதிர்க்கவும் ஆசிரியருக்கு உரிமை உண்டு. பிறகு வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பியபோது கருது கருத்தானதை அந்தப் பிரிவின் கீழ்தான் எழுதினோம்.

எழுத்துருவில் நடந்த கூத்து தனி. நான் போனில் யூனிகோடில் தட்டச்சு செய்தேன். பக்க வடிவமைப்பாளர் பழைய மென்பொருளில், பழைய எழுத்துருவில் வேலை செய்கிறவர். மாற்றி மாற்றிப் போட்டதில் ‘கௌரவம்’ என்பது கொம்பு, க, தனி ள என்று ‘கெளரவம்’ ஆனது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு வேறு. அதைக் கண்டுபிடித்த யாரோ ஒரு புண்ணியவான், கெ-வும் ள-வும் சேர்ந்து வந்த இடத்தையெல்லாம் ஒரே அழுத்தில் ‘கௌ’ என்று மாற்றிவிட்டார். கம்மாயில் துள்ளிய என் கெளுத்தி மீன்கள் அத்தனையும் வால் இழந்து, உகரக் குறி ஒரு வட்டத்தில் தனியாகத் தொங்கியது. ‘தெ’யும் ‘ள’வும் சேர்ந்து வரும் இடத்தையும் இப்படி ‘தௌ’ என்று மாற்றினால் ‘தெளிவு’க்கும் இதே கதிதான் வரும். இன்னொன்று, துணைக்காலும் ரகரமும் குழம்புவது. இவற்றை மொத்தமாக மாற்றச் சொல்லாதீர்கள். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றச் சொல்லுங்கள். முடிந்தால் யூனிகோடை நேரடியாக ஏற்கும் இன்டிசைன் போன்ற மென்பொருளில் செய்கிறவரைத் தேடுங்கள். மெய்ப்பு, அதாவது அச்சுக்குப் போகும் முன் வரும் மாதிரிப் படியைப் பார்க்கும்போது முதல் முறை மூலப் பிரதியைப் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி, ஒவ்வொரு கவிதையின் வரி எண்ணிக்கையும் சரிதானா என்று எண்ணிப் பாருங்கள். இரண்டாவது முறை வாய்விட்டுப் படியுங்கள். மூன்றாவது முறை கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி. வரிசையாகப் படித்தால் நம் கவிதை நமக்கு மனப்பாடம், கண் பிழையைத் தாண்டிவிடும். திருத்தச் சொன்ன இடங்கள் திருத்தப்பட்டதா என்று பார்க்க நான்காவது முறை. எனக்கு ஒரே ஒரு முறை, வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் வந்தது. “நாளைக்குள் சரி சொல்லுங்கள், அச்சுக்குப் போகிறது” என்றார்கள். அவசரம் எனக்கில்லை, அவர்களுக்குத்தான். அது அப்போது உறைக்கவில்லை.

பக்க அமைப்பில் கவிதைக்கு என்று சில கணக்குகள் உண்டு. டெமி 1/8 என்னும் புத்தக அளவில் நீளமான வரி ஒடிந்து கீழே விழும். ஒடிந்த துண்டு இடது ஓரத்தில் ஒட்டி நின்றால் அது புதிய வரி போலத் தெரியும். அதை உள்ளே தள்ளிவைக்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கக் கவிதை இடப்பக்கத்தில், அதாவது இரட்டைப்படை எண்ணில் தொடங்கினால் முழுக் கவிதையும் ஒரே பார்வையில் விரியும். பத்தி இடைவெளி பக்கத்தின் அடியில் வந்து விழுந்தால் அது இடைவெளி என்றே தெரியாமல் போகும், ஒரு வரி ஏற்றி இறக்கிச் சமாளிக்கலாம். மொத்தப் பக்கம் 16இன் மடங்காக இருக்கட்டும். ஒரு பாரம் 16 பக்கம். 96 பக்கம் என்றால் ஆறு பாரம், தாள் வீணாகாது. 98 என்று போய் நின்றால் இரண்டு பக்கத்துக்காகத் தனித் தாள் கோக்க வேண்டும். அட்டைப் படத்தை நீங்கள் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். என் கரிசல் கவிதைகளுக்கு இணையத்திலிருந்து எடுத்த தங்க நிறக் கதிர் வயல் ஒன்றைப் போட்டிருந்தார்கள். கோதுமை! கோவில்பட்டிச் சீமையில் கோதுமை எங்கே விளைந்தது என்று பெரியப்பா இன்றுவரை கேட்கிறார்.

இப்போது பணம். 500 பிரதி ஆஃப்செட்டில், அதாவது பிளேட் போட்டு மையால் அடிக்கும் அச்சில் என்று பேச்சு. எனக்கு 100 பிரதி, விளம்பரத்துக்கு 20, மீதி 380 அவர்கள் விற்று 10 சதவீதம் உரிமைத்தொகை தருவார்கள். ‘நூலக ஆணை வரும், போட்ட காசு வந்துவிடும்’ என்றும் சொன்னார்கள். நூலகத்துறை புத்தகம் வாங்குவது உண்மைதான். ஆனால் எந்த ஆண்டு, எந்தப் புத்தகம், எத்தனை பிரதி என்பது எந்தப் பதிப்பகத்தின் கையிலும் இல்லை. அதை வரவில் எழுதிக் கணக்குப் போடவே கூடாது. வெளியீட்டு விழாவுக்கு மண்டபம், ஒலிபெருக்கி, சால்வை, காபி என்று 14,500 ரூபாய். வந்தவர்கள் 90 பேர் இருப்பார்கள். 120 ரூபாய் புத்தகம் 38 விற்றது, 4,560 ரூபாய். மேடையில் பேசியவர்களுக்கும் சொந்தக்காரர்களுக்கும் இலவசமாகப் போனது 40க்கு மேல். சொந்தக்காரரிடம் காசு கேட்க வாய் வரவில்லை, அவர்களும் கொடுக்கவில்லை. பிறகு இருபது மாதம் கணக்கும் இல்லை, பதிலும் இல்லை. போன் எடுப்பார்கள், “சந்தை மந்தம் மேடம்” என்பார்கள். ஒரு கட்டத்தில் என் கவிதைதான் மட்டமோ என்று நினைக்க ஆரம்பித்தேன். எட்டு மாதம் ஒரு வரி எழுதவில்லை.

கடைசியில் 3,000 ரூபாய் செலவழித்து வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பினேன். பதிலோடு, அச்சிட்டதற்கு ஆதாரம் என்று லாரி பார்சல் ரசீதின் நகலை அவர்களே இணைத்திருந்தார்கள். எடை 31 கிலோ. என் புத்தகத்தைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: 120 கிராம். 500 பிரதி என்றால் 60 கிலோ இருக்க வேண்டும். 31 கிலோ என்றால் 258. பிறகு உரிமையைத் திருப்பி எழுதிக் கொடுத்து, ‘விற்காத மீதி’ என்று 140 பிரதி அனுப்பினார்கள். எனக்கும் விளம்பரத்துக்குமாக முன்பே கொடுத்த 120, இந்த 140, ஆக 260. அச்சடித்ததே அவ்வளவுதான், கடையில் ஒன்றுகூட வைக்கவில்லை. சங்கிலியை மீட்கக் கட்டிய வட்டி நீங்கலாக என் நஷ்டம் 74,940 ரூபாய். காலம் இரண்டரை ஆண்டு.

இந்தக் கணக்கை நீங்கள் முன்னாலேயே போடலாம். டெமி தாள் ஒன்று ஒரு பாரம், 16 பக்கம். 96 பக்கப் புத்தகத்துக்கு ஒரு பிரதிக்கு ஆறு தாள், 500 பிரதிக்கு 3,000 தாள், 500 தாள் கொண்ட ரீமில் ஆறு. சேதாரத்துக்கு அரை ரீம் சேர்த்தால் ஆறரை. 70 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 70 கிராம் எடையுள்ள தாளில் ஒரு ரீம் ஒன்பதேகால் கிலோவுக்குச் சற்று மேலே வரும். தாள் விலையை எந்தத் தாள் கடையிலும் கேட்டுவிடலாம். பிறகு தாள், பிளேட், அச்சுக்கூலி, 300 ஜிஎஸ்எம் அட்டை, லேமினேஷன், பைண்டிங், பக்க வடிவமைப்பு, மெய்ப்பு, அட்டை வடிவமைப்பு என்று தனித்தனியாக விலைப்பட்டியல் கேளுங்கள். ‘மொத்தமாக இவ்வளவு’ என்கிறவரிடம் நிற்க வேண்டாம். அச்சானதும் நேரில் போய்க் கட்டுகளை எண்ணுங்கள். ஆஃப்செட் என்று சொல்லி டிஜிட்டலில் அடித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஆஃப்செட் மை தாளுக்குள் ஊறியிருக்கும். டிஜிட்டல் டோனர் தாளின் மேல் படலமாக நிற்கும், வெளிச்சத்தில் சாய்த்தால் எழுத்து லேசாக மினுங்கும், பூதக்கண்ணாடியில் எழுத்தோரம் பொடிப்புள்ளி தெரியும். டிஜிட்டல் குறைந்ததல்ல, ஆனால் 500 பிரதி ஆஃப்செட்டுக்குக் காசு வாங்கி டிஜிட்டலில் அடித்தால், கேட்கக் கேட்க ஐம்பது ஐம்பதாகத்தான் அடித்திருப்பார்கள். நடுப்பக்கத்தை நன்றாக விரித்துப் பாருங்கள், பசை விரிசல் விட்டால் ஒரு கோடையில் தாள் உதிரும். தாள் அலையலையாக நெளிந்து, பக்கம் திறக்க முரண்டு பிடித்தால், தாளின் இழை முதுகுக்குக் குறுக்கே போயிருக்கிறது.

சின்னச் சின்னதாக இன்னும் சில. ஐஎஸ்பிஎன் என்னும் புத்தக அடையாள எண்ணுக்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத் தருகிறது, தனி ஆசிரியரும் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். கொடுத்த எண் சரிதானா என்று பார்க்க 13 இலக்கங்களையும் 1, 3, 1, 3 என்று மாறி மாறிப் பெருக்கிக் கூட்டுங்கள். 10ஆல் மீதியில்லாமல் வகுபட வேண்டும். பதிப்பகம் மாறினால் எண்ணும் மாறும், பழையதைத் திரும்பப் போட முடியாது. புத்தகம் வந்த 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கும் பிரதி அனுப்புவது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியிடுகிறவரின் கடமை. அனுப்பினார்களா என்று ரசீதைக் கேளுங்கள். முதல் பதிப்பின் மாதத்தில் கவனம் வேண்டும். என் புத்தகம் கைக்கு வந்தது 2023 ஜனவரியில், உள்ளே போட்டிருந்தது டிசம்பர் 2022. பரிசுகள் பலவற்றில் அச்சிட்ட ஆண்டைத்தான் பார்ப்பார்கள். 2022 புத்தகங்களுக்கான பரிசுக்கு அனுப்ப ஒரு மாதமே இருந்தது, 2023 புத்தகங்களுக்கான பரிசுக்குத் தகுதியில்லை. சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்கார் போல வயது வரம்புள்ள விருதும் உண்டு, அதற்கு 35 தாண்டக் கூடாது. கையெழுத்துப் படிக்கே உதவி வேண்டுமென்றால், தமிழ் வளர்ச்சித் துறை நூல் வெளியிட நிதியுதவி தருகிறது; நகையை அடகு வைக்கும் முன் அந்த அறிவிப்பைத் தேடிப் பார்த்திருக்க வேண்டும் நான்.

2025இல் மறுபடி அச்சிட்டேன். 100 பிரதி மட்டும், டிஜிட்டலில், பிரதிக்கு 84 ரூபாய், ஆக 8,400. எனக்கென்று சொந்த ஐஎஸ்பிஎன். பெரியப்பா சொன்னபடி மாடு பின்னால் நடந்தது. கோதுமைக்குப் பதிலாக எங்கள் ஊர்க் கம்மங்காட்டைப் போனில் எடுத்த படம். விலை 150. கடைக்குக் கொடுத்தால் 40 சதவீதம் தள்ளுபடி போய் 90 கைக்கு வரும், மிஞ்சுவது ஆறு ரூபாய், அதனால் கடைக்குக் கொடுக்கவே இல்லை. ‘எழுத்து’ இதழ் நடத்திய சி.சு. செல்லப்பாவே புத்தகப் பையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக அலைந்தவர், நமக்கென்ன வெட்கம்? கூட்டம் எதற்குப் போனாலும் பையில் ஐந்து. வெளியூருக்கு அஞ்சல். புத்தகங்களுக்காக அஞ்சல் துறை 2025 மே மாதம் தொடங்கிய ஞான் போஸ்டில் 300 கிராம் வரை 20 ரூபாயும் வரியும்தான். 120 கிராம் புத்தகம் இரண்டைத் தடித்த காகிதத்தில் சுற்றினாலும் அதற்குள் அடங்கும். தரைவழி என்பதால் மெதுவாகப் போகும் என்று வாங்குகிறவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

இதுவரை 78 விற்றிருக்கிறது. மீதி 22ஐ மச்சில் வைத்திருக்கிறேன், சுவரை ஒட்டாமல், பலகைமேல், ஒரு சாண் இடைவெளி விட்டு. கரையான் சுவர் வழியாகத்தான் ஏறும். கட்டுக்கு இடையில் நொச்சி இலை போட்டுவைத்திருக்கிறேன். ஆச்சி குலுக்கையில் தவசம் கொட்டும்போது போடும் அதே இலை.